நினைவகம் வாங்கும் முன்: ரேம், எஸ்எஸ்டி, ஹார்ட் டிஸ்க் ஓர் ஒப்பீடு

கம்ப்யூட்டர் மெதுவாகிவிட்டது என்று கடையில் போய்ச் சொன்னால், "ரேம் ஏத்திடலாம் சார்" என்பதுதான் பெரும்பாலும் முதல் பதிலாக வரும். சில கணினிகளுக்கு அது சரியான மருந்து. பலவற்றுக்கு அது காசைக் கரைக்கும் வேலை. ரேம் போதாமல் திணறும் கணினியும் பழைய ஹார்ட் டிஸ்க்கால் திணறும் கணினியும் வெளிப்பார்வைக்கு ஒரே மாதிரிதான் இருக்கும். கோப்பு திறக்க நேரமாகும், எழுத்தைத் தட்டினால் திரையில் தாமதமாக வரும், வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். ஆனால் இரண்டுக்கும் செலவு வேறு, பலன் வேறு. ஆகவே விலைப்பட்டியலைக் கையில் எடுக்கும் முன், உங்கள் கணினி எங்கே காத்துக் கிடக்கிறது என்று பார்த்துவிடுவோம்.

விண்டோஸில் கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்துக்குப் போய் அதைத் திறந்தே வைத்துக்கொண்டு, நீங்கள் அன்றாடம் செய்யும் வேலையைச் செய்யுங்கள். பிரவுசரில் பத்துப் பன்னிரண்டு டேப், ஒரு எக்செல் கோப்பு, வாட்ஸ்அப், டேலி என எது உங்கள் வழக்கமோ அது. மெமரி கோடு 85, 90 சதவீதத்துக்கு மேலேயே நின்றால் ரேம் பற்றவில்லை. மெமரி பாதி அளவில் இருக்க, டிஸ்க் மட்டும் அடிக்கடி 100 சதவீதத்தைத் தொட்டால் குற்றவாளி டிஸ்க். இரண்டும் உச்சத்தில் இருந்தால், ரேமில் இடமில்லாமல் விண்டோஸ் தன் சுமையில் ஒரு பகுதியை டிஸ்க்கில் கொண்டுபோய் இறக்கி வைக்கிறது, தேவைப்படும்போது திரும்ப ஏற்றுகிறது என்று பொருள். அந்த ஏற்று இறக்குதான் கணினியை நொண்ட வைக்கிறது.

இதே பக்கத்தில் மெமரியைத் தொட்டால் ரேமின் வேகம், மொத்தம் எத்தனை ஸ்லாட், அதில் எத்தனை நிரம்பியிருக்கிறது என்பதும் தெரியும். டிஸ்க்கைத் தொட்டால் அது எஸ்எஸ்டியா, ஹார்ட் டிஸ்க்கா என்று எழுதியிருக்கும். இரண்டையும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கடையில் நீளமாக விளக்குவதைவிட அந்தப் படங்கள் உதவும்.

அடுக்கடுக்காக ஏன்?

ஒரே ஒரு நினைவகம் எல்லா வேலையையும் பார்த்தால் எவ்வளவு வசதி! ஆனால் வேகமானது விலை அதிகம், மலிவானது மெதுவானது. மின்சாரம் போனாலும் தகவலைக் காப்பது வேகத்தில் பின்தங்கும். வேகத்தில் முந்துவது மின்சாரம் போனால் எல்லாவற்றையும் மறந்துவிடும். அதனால்தான் கணினிக்குள் அடுக்குகள். ப்ராசஸருக்குள்ளேயே கேஷ், அதற்கு வெளியே ரேம், அதற்கும் அப்பால் எஸ்எஸ்டி அல்லது ஹார்ட் டிஸ்க்.

கேஷிலிருந்து ஒரு தகவலை எடுக்க ஏறக்குறைய 1 நானோ வினாடி, ரேமிலிருந்து எடுக்க 100 நானோ வினாடிக்கு அருகே, எஸ்எஸ்டிக்கு 100 மைக்ரோ வினாடி, ஹார்ட் டிஸ்க்குக்கு 10 மில்லி வினாடிக்கு மேல். இந்தச் சின்ன எண்கள் மனதில் பதியாது. நானோ வினாடியை ஒரு வினாடியாக நீட்டிப் பாருங்கள். கேஷ் ஒரு வினாடியில் பதில் தரும். ரேம் ஒன்றரை நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலாக எடுத்துக்கொள்ளும். எஸ்எஸ்டியிடம் கேட்டால் மறுநாள்தான் பதில். ஹார்ட் டிஸ்க்கிடம் கேட்டால் நான்கு மாதம் காத்திருக்க வேண்டும். மறுநாளுக்கும் நான்கு மாதத்துக்கும் உள்ள அந்த இடைவெளியைத்தான் எஸ்எஸ்டி மாற்றியதும் நீங்கள் உணர்கிறீர்கள். இருக்கும் ரேமைக் கழற்றிவிட்டு அதே வகையில் இன்னும் வேகமான ரேம் போடுவதால் கிடைப்பதெல்லாம் அந்த ஒன்றரை நிமிடத்தில் சில வினாடிகள்தான்.

கேஷைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அது எஸ்ரேம் வகை. ஒரு பிட்டைப் பிடித்து வைக்க ஆறு டிரான்சிஸ்டர்கள் வேண்டும் என்பதால் இடமும் விலையும் அதிகம். பிறகு கூட்ட முடியாது, ப்ராசஸரோடு வந்ததுதான். கேம் ஆடுபவர்களுக்கு மட்டும் இது ஒரு முக்கியமான கணக்கு. ஏஎம்டி 2022-இல் வெளியிட்ட ரைசன் 7 5800எக்ஸ்3டி ப்ராசஸர் 96 எம்பி எல்3 கேஷோடு வந்தது. பல கேம்களில் தன்னைவிட அதிக வேகத் துடிப்பு கொண்ட ப்ராசஸர்களை அது முந்தியதற்கு அந்தக் கேஷே காரணம்.

ரேம் எப்படி வேலை செய்கிறது

நாம் ரேம் என்று வாங்குவது டிரேம். ஒரு டிரான்சிஸ்டர், ஒரு மின்தேக்கி, அவ்வளவுதான் ஒரு பிட்டுக்கு. ஐபிஎம்மில் பணியாற்றிய ராபர்ட் டென்னார்ட் 1966-இல் கண்ட வடிவம் இது. 1968-இல் காப்புரிமை கிடைத்தது. 1970-இல் இன்டெல் வெளியிட்ட 1103 என்ற சில்லு, 1,024 பிட் கொள்ளளவோடு, அதுவரை கணினிகளில் கோலோச்சிய காந்த வளைய நினைவகத்தின் இடத்தைப் பிடிக்கத் தொடங்கியது. இன்று விற்கும் 16 ஜிபி ரேம் வரை அடிப்படை அதேதான்.

இந்த மின்தேக்கிகளில் மின்னேற்றம் கசியும். எனவே ஒவ்வொரு வரிசையையும் குறித்த நேரத்துக்குள் படித்து மீண்டும் எழுத வேண்டும். வழக்கமான வெப்பநிலையில் டிடிஆர்4 என்ற தலைமுறை ரேமுக்கு அந்த அவகாசம் 64 மில்லி வினாடி. இந்தப் புதுப்பித்தல் நின்றால் தகவல் அழியும். லேப்டாப்பை ஸ்லீப்பில் வைத்தால் இரவு முழுக்கக் கொஞ்சம் பேட்டரி குறைவதற்கு இதுவும் ஒரு காரணம். ரேம் உயிரோடிருக்க மின்சாரம் வேண்டும். ஹைபர்னேட் செய்தால் ரேமில் உள்ளது டிஸ்க்கில் எழுதப்பட்டுவிடும், பேட்டரி அப்படியே இருக்கும். சில நாட்கள் தொடமாட்டோம் என்று தெரிந்தால் ஹைபர்னேட் அல்லது ஷட் டவுன்தான் சரி.

மின்சாரம் நின்றதும் ரேமில் உள்ளது அந்தக் கணமே மறைந்துவிடுவதில்லை. 2008-இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் அவர்களோடு சேர்ந்தவர்களும், ரேமைக் குளிரவைத்தால் மின்சாரம் போன பின்னும் சில நிமிடங்களுக்கு அதிலிருந்து தகவலை மீட்க முடியும் என்று செய்து காட்டினார்கள். வீட்டுப் பயனாளர் இதற்காக அஞ்ச வேண்டியதில்லை. அலுவலக ரகசியங்கள் உள்ள லேப்டாப்பைப் பயணத்தில் எடுத்துச் செல்பவர்கள் ஸ்லீப்பில் விடாமல் முழுக்க அணைத்து எடுத்துப் போவது நல்லது.

தலைமுறைகள்: எது எதில் பொருந்தும்

இங்கேதான் காசு அதிகம் வீணாகிறது. ரேமின் தலைமுறைகளான டிடிஆர்3, டிடிஆர்4, டிடிஆர்5 மூன்றும் ஒன்றுக்கொன்று பொருந்தாது. டிடிஆர்3-க்கான தர வரையறை 2007-இல் வந்தது, 1.5 வோல்ட்டில் ஓடுவது. டிடிஆர்4 சந்தைக்கு வந்தது 2014-இல், 1.2 வோல்ட். டிடிஆர்5-இன் வரையறை 2020 ஜூலையில் வெளியானது, 1.1 வோல்ட். டெஸ்க்டாப்பில் டிடிஆர்4-க்கும் டிடிஆர்5-க்கும் 288 பின்கள்தான். எண்ணிக்கை ஒன்றாக இருந்தாலும் நடுவில் உள்ள வெட்டு வேறு இடத்தில் இருக்கும். உட்காரவில்லை என்றால் அழுத்தாதீர்கள், ஸ்லாட் உடையும். லேப்டாப் ரேம் குட்டையானது. அதில் டிடிஆர்3-க்கு 204 பின், டிடிஆர்4-க்கு 260, டிடிஆர்5-க்கு 262.

டிடிஆர்3-க்குள்ளேயே ஒரு கிளை உண்டு. பெயரின் இறுதியில் எல் சேர்ந்த டிடிஆர்3எல் 1.35 வோல்ட்டில் ஓடும். இன்டெல் நான்காம் தலைமுறை லேப்டாப்கள் முதல் பலவற்றில் இது மட்டுமே வேலை செய்யும். சாதாரண டிடிஆர்3 ஸ்லாட்டில் சரியாக உட்காரும், ஆனால் கணினி கிளம்பாது. கடைக்காரர் பழைய பெட்டியிலிருந்து எடுத்துத் தரும்போது இந்த ஓர் எழுத்தைத் தேடிப் பாருங்கள்.

புதிதாக அசெம்பிள் செய்பவர்களுக்கு இன்னொரு குறிப்பு. இன்டெல் 12, 13, 14-ஆம் தலைமுறை ப்ராசஸர்கள் டிடிஆர்4, டிடிஆர்5 இரண்டையும் ஏற்கும். எது என்பதைத் தீர்மானிப்பது மதர்போர்டு. ஏஎம்டியின் ஏஎம்4 போர்டுகளில் டிடிஆர்4, ஏஎம்5 போர்டுகளில் டிடிஆர்5 மட்டும்.

லேபிளைப் படிப்பது

ரேமின் மீதுள்ள லேபிளில் டிடிஆர்4-3200 என்றோ பிசி4-25600 என்றோ இருக்கும். இரண்டும் ஒரே பொருள்தான். 3200 என்பது ஒரு வினாடியில் நடக்கும் பரிமாற்றங்கள், மில்லியன் கணக்கில். ஒவ்வொரு பரிமாற்றத்திலும் 8 பைட். பெருக்கினால் வினாடிக்கு 25,600 எம்பி. டிடிஆர் வகையில் ஒரு துடிப்புக்கு இரண்டு பரிமாற்றம் நடப்பதால் உண்மைத் துடிப்பு 1600 மெகாஹெர்ட்ஸ். சிபியு-இசட் மென்பொருளில் 1600 என்று பார்த்துவிட்டு, பாதி வேக ரேமைத் தலையில் கட்டிவிட்டார்கள் என்று கடைக்குச் சண்டைக்குப் போகிறவர்கள் உண்டு. போக வேண்டாம், அது சரிதான்.

அடுத்தது சிஎல் என்ற எண். கேட்ட தகவலின் முதல் பகுதி வர எத்தனை துடிப்பு ஆகும் என்பது. சிஎல் குறைந்தால் நல்லது என்று மட்டும் மனதில் வைத்தால் ஏமாறுவீர்கள், ஏனென்றால் துடிப்பின் நீளமே ரேமுக்கு ரேம் மாறும். கணக்கு எளிது. சிஎல்லை 2000-ஆல் பெருக்கி, வேக எண்ணால் வகுத்தால் நானோ வினாடியில் விடை வரும். டிடிஆர்4-3200 சிஎல்16-க்கு 10 நானோ வினாடி. டிடிஆர்5-6000 சிஎல்30-க்கும் அதே 10. டிடிஆர்5-4800 சிஎல்40 வாங்கினால் 16.7. அதாவது மலிவான டிடிஆர்5, தரமான டிடிஆர்4-ஐவிட முதல் பதில் சொல்வதில் பின்தங்கும். பெரிய கோப்புகளை வாரி இறைப்பதில் மட்டும் முந்தும். வீடியோ எடிட்டிங், பெரிய கணக்கீடுகளில் அது பயன் தரும். கடிதம் தட்டுவதிலும் கணக்கு எழுதுவதிலும் தெரியாது.

வேகமான ரேம் வாங்கிப் போட்டாலும் அது தானாக அந்த வேகத்தில் ஓடும் என்பதில்லை. அடிப்படை வேகத்திலேயே, உதாரணமாக 2133 அல்லது 4800-இல், ஓடிக்கொண்டிருக்கும். கணினி கிளம்பும்போது முதலில் ஓடும் பயாஸுக்குள் போய் எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ என்ற அமைப்பை இயக்க வேண்டும். டெஸ்க்டாப் அசெம்பிள் செய்து தருபவரிடம் டாஸ்க் மேனேஜரைத் திறந்து வேகத்தைக் காட்டச் சொல்லி வாங்குங்கள்.

ஒரு 16 ஜிபியா, இரண்டு 8 ஜிபியா? தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத கணினி என்றால் தயங்காமல் இரண்டு 8. இரண்டும் சேர்ந்து இரட்டைத் தடமாக வேலை செய்யும்போது அலைவரிசை இரட்டிப்பாகும். டிடிஆர்4-3200-இல் 25,600 எம்பி 51,200 ஆகும். ப்ராசஸருக்குள் உள்ள கிராஃபிக்ஸ் ரேமைத்தான் பங்கிட்டுக்கொள்கிறது என்பதால் அதற்கு இது பெரிய உதவி. டிடிஆர்5-இன் ஒரே அட்டைக்குள் இரண்டு 32 பிட் உட்தடங்கள் இருக்கின்றன, ஒன்றே போதும் என்று சிலர் சொல்வார்கள். அவை இரண்டும் சேர்ந்தாலும் 64 பிட்தான். இரண்டாவது அட்டையின் வேலையை அது செய்யாது.

ஏற்கெனவே உள்ள அட்டையோடு வேறு நிறுவனத்தின் அட்டையைச் சேர்க்கலாமா என்பது அடிக்கடி வரும் கேள்வி. சேர்க்கலாம். தலைமுறையும் மின்னழுத்தமும் ஒன்றாக இருந்தால் போதும், பெரும்பாலும் ஓடும். மெதுவான அட்டையின் வேகத்துக்கு மற்றது இறங்கிவரும். போட்ட பிறகு மெம்டெஸ்ட்86 மென்பொருளை ஓர் இரவு ஓட விடுங்கள். ஒரு பிழை காட்டினாலும் அந்த அட்டையைத் திருப்பிக் கொடுங்கள். கெட்டுப்போன ரேம் கணினியை நிறுத்துவதோடு விடாது. நகலெடுக்கும் கோப்புகளையே சத்தமில்லாமல் சிதைக்கும். குடும்பப் படங்கள் அப்படிக் கெட்டுப்போனால் பல மாதம் கழித்துத்தான் தெரியவரும்.

இதற்காகவே சர்வர்களில் இசிசி ரேம் போடுகிறார்கள். ஒவ்வொரு 64 பிட்டுக்கும் கூடுதலாக 8 பிட் வைத்து, ஒரு பிட் புரண்டால் தானே திருத்திக்கொள்ளும் வகை அது. டிடிஆர்5-இலும் சில்லுக்குள் ஒரு பிழைதிருத்தம் உண்டு. ஆனால் அது சில்லுக்குள் நடக்கும் பிழையை மட்டும் பார்க்கும். ப்ராசஸர் வரையிலான வழியில் நேரும் பிழை அதன் கண்ணில் படாது. விளம்பரத்தில் இசிசி என்று கண்டதும் இரண்டும் ஒன்றென எடுத்துக்கொள்ள வேண்டாம். வீட்டுக் கணினிக்கு இசிசி தேவையில்லை. அலுவலகக் கணக்கும் நோயாளிப் பதிவுகளும் இருக்கும் சர்வருக்குத் தேவை.

மெல்லிய லேப்டாப்களில் எல்பிடிடிஆர் என்ற வகை இருக்கும். மின்சாரம் குறைவாக எடுக்கும், வேகமும் நல்ல வேகம். ஆனால் மதர்போர்டில் சால்டர் செய்யப்பட்டிருப்பதால் பின்னர் கூட்ட முடியாது. 2020 முதல் வந்த ஆப்பிள் எம் வரிசை மேக்புக்குகளில் ரேம் ப்ராசஸரோடு ஒரே பொதியில் இருக்கிறது. இப்படிப்பட்ட கணினியை 8 ஜிபியோடு வாங்குவதை நான் எவருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். விண்டோஸ் 11-க்கு 4 ஜிபி போதும் என்று மைக்ரோசாஃப்ட் வரையறுத்திருக்கிறது. அது நிறுவிக்கொள்ளும் அளவு. பிரவுசரைத் திறந்து வேலை செய்யும் மனிதருக்கு 8 ஜிபி தொடக்கம், 16 நிம்மதி. கழற்ற முடியாத ரேம் என்றால் வாங்கும் நாளிலேயே 16.

ஃபிளாஷ்: எஸ்எஸ்டிக்குள் இருப்பது

தோஷிபாவில் பணியாற்றிய ஃபுஜியோ மசுவோகா 1980-களில் உருவாக்கியது ஃபிளாஷ் நினைவகம். எஸ்எஸ்டி, பென் டிரைவ், மெமரி கார்டு, போன் சேமிப்பு அத்தனையும் அதில் நாண்ட் என்ற வகையைச் சேர்ந்தவை. எலக்ட்ரான்களைக் காப்புறைக்குள் சிறைவைப்பதால் மின்சாரம் இல்லாமலும் தகவல் நிற்கும். ஆனால் ஒவ்வொரு முறை அழித்து எழுதும்போதும் அந்தக் காப்புறை கொஞ்சம் தேயும். ரேமுக்கு இந்தத் தேய்மானம் கிடையாது.

ஓர் அறையில் எத்தனை பிட் அடைக்கிறார்கள் என்பதுதான் எஸ்எஸ்டிகளின் தரவேறுபாடு. எஸ்எல்சியில் ஒன்று, எம்எல்சியில் இரண்டு, டிஎல்சியில் மூன்று, க்யூஎல்சியில் நான்கு. ஒரு பிட்டுக்கு இரண்டு மின்னழுத்த நிலைகளைப் பிரித்தறிந்தால் போதும். நான்கு பிட்டுக்கு 16 நிலைகளைப் பிரித்தறிய வேண்டும். நிலைகள் நெருங்க நெருங்க எழுதுவது மெதுவாகும், ஆயுளும் குறையும். எஸ்எல்சி ஏறக்குறைய ஒரு லட்சம் முறை எழுதத் தாங்கும். டிஎல்சி சில ஆயிரம். க்யூஎல்சி அதிலும் குறைவு.

இதைப் படித்துவிட்டு க்யூஎல்சியைக் கண்டு ஓட வேண்டியதில்லை. சாம்சங் 870 க்யூவிஓ 1 டிபி எஸ்எஸ்டி க்யூஎல்சி வகை. அதற்கு நிறுவனம் தரும் எழுதும் உத்தரவாதம் 360 டிபி. டிஎல்சியான 870 ஈவிஓ 1 டிபிக்கு 600. இந்த எண்ணைத்தான் டிபிடபிள்யூ என்று அட்டைப்பெட்டியிலும் இணையதளத்திலும் போடுகிறார்கள். ஒரு நாளைக்கு 30 ஜிபி எழுதினாலும் ஆண்டுக்கு 11 டிபி, 360-ஐ எட்ட முப்பது ஆண்டுக்கு மேல் ஆகும். வீட்டு வேலைக்கு எந்தக் கவலையும் இல்லை. எட்டு கேமரா உள்ள சிசிடிவியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கேமரா வினாடிக்கு 4 மெகாபிட் அனுப்பினால் நாளுக்கு 345 ஜிபி, ஆண்டுக்கு 126 டிபி. அதே எஸ்எஸ்டியின் உத்தரவாதம் மூன்றாண்டுக்குள் முடிந்துவிடும். கண்காணிப்புக்கென்றே செய்யப்பட்ட ஹார்ட் டிஸ்க்தான் அங்கே சரி.

க்யூஎல்சியின் உண்மையான குறை வேறு இடத்தில் இருக்கிறது. எழுதும்போது முதலில் ஒரு பகுதியை ஒற்றை பிட் அறைகளாக நடத்தி வேகம் காட்டும். அந்தப் பகுதி நிரம்பியதும் வேகம் விழும். மேலே சொன்ன 870 க்யூவிஓ 1 டிபியில் சாம்சங்கே கொடுத்திருக்கும் கணக்குப்படி, 42 ஜிபி தொடர்ந்து எழுதிய பிறகு வேகம் வினாடிக்கு 80 எம்பி. அது நல்ல ஹார்ட் டிஸ்க்கைவிடக் குறைவு. கல்யாண வீடியோ எடுப்பவர்கள், ஒரே மூச்சில் 200 ஜிபி நகலெடுப்பவர்கள் டிஎல்சிதான் வாங்க வேண்டும். மற்றவர்கள் விலையில் நல்ல வித்தியாசம் இருந்தால் மட்டும் க்யூஎல்சி வாங்கலாம். வித்தியாசம் சொற்பம் என்றால் டிஎல்சி.

சாட்டாவா, என்விஎம்இயா?

எஸ்எஸ்டி கணினியோடு இணையும் வழிகளில் சாட்டா பழையது, பிசிஐஇ தடத்தில் ஓடும் என்விஎம்இ புதியது. சாட்டா எஸ்எஸ்டியின் உச்சவேகம் வினாடிக்கு 550 எம்பி அளவில் நின்றுவிடும். பிசிஐஇ 3.0 என்விஎம்இ 3,500 வரை, 4.0 வகை 7,000-ஐத் தாண்டும். எண்ணைப் பார்த்தால் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். ஆனால் விண்டோஸ் கிளம்புவதும் மென்பொருள் திறப்பதும் ஆயிரக்கணக்கான சின்னஞ்சிறு கோப்புகளைப் படிக்கும் வேலை. 7,200 சுற்று ஹார்ட் டிஸ்க்கில் தட்டு பாதிச் சுற்று சுற்றவே 4 மில்லி வினாடி. முள் நகரும் நேரத்தையும் சேர்த்தால் வினாடிக்கு நூறு சிறு கோப்புகூடத் தேறாது. சாட்டா எஸ்எஸ்டியே அதில் பல ஆயிரத்தைத் தரும். என்விஎம்இ அதைக் கொஞ்சம் கூட்டும். ஆகவே ஹார்ட் டிஸ்க்கிலிருந்து சாட்டாவுக்குப் போகும் தாவல் பெரிது. சாட்டாவிலிருந்து என்விஎம்இக்குப் போவதில் அன்றாட வேலையில் தெரிவது சொற்பம்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியது எம்.2 என்ற சொல். அது வடிவத்தின் பெயர், வேகத்தின் பெயரல்ல. எம்.2 வடிவத்தில் சாட்டாவும் உண்டு, என்விஎம்இயும் உண்டு. சில ஸ்லாட்டுகள் ஒன்றை மட்டுமே ஏற்கும். நீளத்தையும் பாருங்கள். 2280 என்றால் 22 மில்லிமீட்டர் அகலம், 80 மில்லிமீட்டர் நீளம். சில சிறிய லேப்டாப்களில் 2242 அல்லது 2230 மட்டுமே நுழையும். எம்.2 ஸ்லாட்டே இல்லாத பழைய டெஸ்க்டாப்பில் அடாப்டர் கார்டு மூலம் என்விஎம்இ மாட்டலாம். ஆனால் பழைய பயாஸ் அதிலிருந்து விண்டோஸைக் கிளப்பாமல் போகக்கூடும். அத்தகைய கணினிக்கு 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டியே தொல்லையில்லாதது.

ஹார்ட் டிஸ்க்கும் மெமரி கார்டும்

ஹார்ட் டிஸ்க் செத்துவிடவில்லை. ஒரு ஜிபிக்கு ஆகும் விலையில் அதை எஸ்எஸ்டி இன்னும் நெருங்கவில்லை. மொத்தமாகப் போட்டு வைக்கும் வேலைக்கு, பேக்கப்புக்கு, சிசிடிவிக்கு அதுதான். பல டிஸ்க்குகளைச் சேர்த்து நாஸ் என்ற நெட்வொர்க் சேமிப்பகம் அமைப்பவர்கள் எஸ்எம்ஆர் வகையைத் தவிர்த்து சிஎம்ஆர் என்று கேட்டு வாங்க வேண்டும். எஸ்எம்ஆரில் தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருப்பதால், எழுதியதை மாற்றி எழுத நெடுநேரம் ஆகும். 2020-இல் வெஸ்டர்ன் டிஜிட்டலின் நாஸ் டிஸ்க்குகளில் சில எஸ்எம்ஆர் என்று தெரியவந்தபோது பெரும் சர்ச்சை எழுந்தது. அதன் பிறகே நிறுவனங்கள் எந்த மாடல் எந்த வகை என்று வெளிப்படையாகப் பட்டியலிடத் தொடங்கின.

மெமரி கார்டில் போலி அதிகம். 16 ஜிபி சில்லை 256 என்று காட்டும்படி மாற்றி விற்பார்கள். நிரம்பும் வரை ஒன்றும் தெரியாது, நிரம்பியபின் பழைய படங்கள் அழிந்திருக்கும். வாங்கிய அன்றே ஹெச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருளால் முழுக் கொள்ளளவையும் எழுதிச் சோதியுங்கள். 4கே வீடியோவுக்கு யு3 அல்லது வி30 குறி வேண்டும், வினாடிக்கு 30 எம்பிக்குக் குறையாமல் எழுதும் என்பது அதன் பொருள். போனுக்குள் போடுவதற்கு ஏ1 அல்லது ஏ2 குறியுள்ளதைப் பாருங்கள்.

மின்சாரம் இல்லாமல் எத்தனை நாள்?

பென் டிரைவிலும் எஸ்எஸ்டியிலும் படங்களை ஏற்றிப் பீரோவில் பூட்டி வைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். சிறைவைத்த எலக்ட்ரான்களும் மெல்லக் கசியும். நினைவகத் தரங்களை வகுக்கும் ஜெடெக் அமைப்பின் வரையறை, எழுதும் ஆயுளை முடித்துவிட்ட வீட்டுவகை எஸ்எஸ்டி, மின்சாரமில்லாமல் 30 டிகிரி செல்சியஸில் ஓராண்டு தகவலைக் காத்தால் போதும் என்கிறது. புதிய எஸ்எஸ்டி இதைவிட நெடுநாள் காக்கும். ஆனால் வெப்பம் கூடக் கூட அந்தக் காலம் சுருங்கும், நம் ஊர் வெயிலில் மூடிய அறையின் வெப்பத்தையும் நினைத்துப் பாருங்கள். இன்னொன்று, எஸ்எஸ்டியில் அழித்த கோப்பை மீட்பது கடினம். டிரிம் என்ற ஏற்பாடு காலி என்று குறித்த இடத்தைச் சுத்தம் செய்துவிடும். ஹார்ட் டிஸ்க் சாகும் முன் பல நேரம் சத்தம் போட்டு எச்சரிக்கும். எஸ்எஸ்டி எந்த அறிகுறியும் காட்டாமல் ஒரு காலையில் கிளம்பாமல் போகலாம். பழைய படங்களின் இரண்டாவது பிரதி ஹார்ட் டிஸ்க்கில் இருக்கட்டும்.

செலவு செய்யும் வரிசை

விண்டோஸ் இன்னும் ஹார்ட் டிஸ்க்கில் ஓடுகிறது என்றால் முதல் செலவு எஸ்எஸ்டி, ரேம் பற்றவில்லை என்று டாஸ்க் மேனேஜர் காட்டினாலும்கூட. ரேம் நிரம்பி வழியும்போது அந்தச் சுமை இறங்குவது டிஸ்க்கில்தான் என்பதால், எஸ்எஸ்டி இரண்டு நோய்க்கும் ஓரளவு மருந்தாகிறது. அதன்பின் ரேமின் அளவு. அதன்பின் இரண்டு அட்டை. வேக எண்ணும் சிஎல்லும் கடைசி.

டிடிஆர்3 கணினி வைத்திருப்பவர்களுக்குத் தனியாகச் சொல்கிறேன். அவை பெரும்பாலும் விண்டோஸ் 11-இன் ப்ராசஸர் பட்டியலுக்குள் வராதவை. விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவும் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. லினக்ஸ் போட்டு ஓட்டினால் இன்னும் சில ஆண்டு நன்றாக உழைக்கும். அதற்கு ஒரு சாட்டா எஸ்எஸ்டி வாங்குங்கள். கணினி போனாலும் அதைக் கழற்றி அடுத்த கணினியிலோ யுஎஸ்பி உறையிலோ மாட்டிக்கொள்ளலாம். டிடிஆர்3 ரேமில் போடும் காசு அந்தக் கணினியோடு போய்விடும். அவசியமென்றால் பழைய ரேமே வாங்குங்கள். ரேமுக்குத் தேய்மானம் இல்லை என்பதால் சோதித்துப் பார்த்த பழையது நம்பத் தகுந்தது. எஸ்எஸ்டியைப் பழையதாக வாங்கினால் கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோவில் இதுவரை எழுதிய அளவைப் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள்.

மாட்டும்போது பிளக்கைப் பிடுங்கி, லேப்டாப் என்றால் பேட்டரி இணைப்பையும் கழற்றி, உலோகப் பகுதி ஒன்றைத் தொட்டு உடலின் நிலைமின்னை இறக்கிவிட்டுக் கையை வையுங்கள். ரேம் திடீரென்று வேலை செய்யாவிட்டால் தூக்கி எறியும் முன் தங்கப் பற்களைப் பென்சில் ரப்பரால் மெதுவாகத் துடைத்து மீண்டும் மாட்டிப் பாருங்கள். சென்னை ரிச்சி தெருவிலிருந்து உள்ளூர் சர்வீஸ் கடை வரை எல்லாரும் முதலில் செய்வது அதுதான், பல நேரம் அதுவே போதுமானதாகவும் இருக்கிறது.

பில்லில் "16 ஜிபி ரேம்", "1 டிபி எஸ்எஸ்டி" என்று மட்டும் எழுதி வாங்காதீர்கள். மாடல் எண்ணும் சீரியல் எண்ணும் முழுதாக இருக்க வேண்டும். வாரண்டி கேட்கும் நாளில் அதுதான் சான்று. புதிய எஸ்எஸ்டிக்கு எல்லாவற்றையும் மாற்றிய பிறகும் பழைய ஹார்ட் டிஸ்க்கை உடனே அழிக்காமல் ஒரு மாதமாவது அப்படியே வைத்திருங்கள். விட்டுப்போன கோப்பு எது என்பது அந்த மாதத்துக்குள்தான் தெரியவரும்.